கார்புரேட்டரா, எஃப்ஐயா: வண்டி நிற்கும் நாட்களை முதலில் எண்ணுங்கள்

ஒரே பைக் பழைய கார்புரேட்டர் மாடலாகவும் புதிய ஃபியூயல் இன்ஜெக்ஷன் (எஃப்ஐ) மாடலாகவும் கிடைக்கும்போது, பேச்சு பெரும்பாலும் மைலேஜிலும் பிக்கப்பிலும்தான் தொடங்குகிறது. இரண்டும் ஒழுங்காக டியூன் செய்யப்பட்டு, எஞ்சின் நன்றாகச் சூடேறி, ஒரே சீரான வேகத்தில் போகும்போது எது எது என்று ஓட்டுபவரால் பிரித்துச் சொல்வது கடினம். வித்தியாசம் தெரிவது இரண்டு மாதம் நின்ற வண்டியை வெளியே எடுக்கும் காலையில், மலை ஏறும்போது, பாதி வழியில் எஞ்சின் அணைந்த பிறகு. அதனால் வாங்கும் முன் மூன்று கேள்விகளுக்குப் பதில் வேண்டும். வண்டி வருடத்தில் எத்தனை நாள் ஓடாமல் நிற்கும்? எவ்வளவு உயர வேறுபாட்டில் ஓடும்? பழுதானால் யார் கையில் பிரிபடும்? இவற்றில் முதல் கேள்விக்குத்தான் எடை அதிகம்.

காற்றை எது அளக்கிறது

ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். முழு ஆக்சிலேட்டரில் அதிக சக்தி கிடைப்பது 12.5 முதல் 13 வரை உள்ள கலவையில். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இதைவிடவும் ரிச்சாக, அதாவது பெட்ரோல் கூடுதலாக வேண்டும். இந்த மாறும் தேவையைக் கார்புரேட்டர் காற்றின் வேகத்தை வைத்துச் சமாளிக்கிறது. குறுகிய தொண்டை வழியாகக் காற்று வேகமாகப் போகும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. கீழே, மிதவை மட்டம் காக்கும் ஃப்ளோட் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் ஜெட் என்ற நுண்துளைத் திருகு வழியாக மேலே ஏறுகிறது. ஐடிலிலிருந்து கால் ஆக்சிலேட்டர் வரை பைலட் ஜெட்டும் தொண்டையில் ஏறி இறங்கும் ஸ்லைடின் அடிவெட்டும், அங்கிருந்து முக்கால் வரை ஸ்லைடில் தொங்கும் ஊசியும், அதற்கு மேல் மெயின் ஜெட்டும் கலவையைத் தீர்மானிக்கின்றன. எந்த ஆக்சிலேட்டர் நிலையில் கோளாறு வருகிறது என்று கவனித்தாலே எந்தப் பாகத்தைப் பார்க்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். கார்புரேட்டரின் பெரிய வசதி இது.

எஃப்ஐ கணக்குப் போட்டு வேலை செய்கிறது. எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயான மேனிஃபோல்டின் அழுத்தம், உள்ளே வரும் காற்றின் வெப்பம், எஞ்சினின் வெப்பம், த்ராட்டில் திறப்பு, கிராங்க் சுழலும் வேகம் எல்லாவற்றையும் படித்து, பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரை எத்தனை மில்லிவிநாடி திறந்து வைப்பது என்று ஈசியூ என்ற மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி முடிவு செய்கிறது. டேங்குக்குள் இருக்கும் பம்ப் பெட்ரோலை ஒரே அழுத்தத்தில் தருவதால் திறப்பு நேரம்தான் அளவு. பல பைக்குகளில் அந்த அழுத்தம் 250 முதல் 300 கிலோபாஸ்கல் வரை இருக்கும்.

மோட்டார் சைக்கிளில் இது நேற்று வந்ததும் அல்ல. 1980லேயே கவாசாகி இசட்1000 மாடலில் மின்னணு இன்ஜெக்ஷன் வந்தது. 1983ல் பிஎம்டபிள்யூ கே100, பாஷ் நிறுவனத்தின் எல்இ-ஜெட்ரானிக் அமைப்போடு வந்தது. சிறிய பைக்குகள் வரை அது இறங்கியதற்குப் புகை விதிகள் முக்கியக் காரணம். புகையைச் சுத்தம் செய்யும் மூவழி கேட்டலிஸ்ட் தன் வேலையைச் சரியாகச் செய்ய, கலவை 14.7ஐ ஒட்டி மிகக் குறுகிய எல்லைக்குள் இருக்க வேண்டும். புகைக்குழாயில் உள்ள ஆக்ஸிஜன் சென்சார் 0.45 வோல்ட்டுக்கு மேலும் கீழும் மாறிக்கொண்டே இருக்க, அதைப் பார்த்து ஈசியூ திருத்திக்கொண்டே இருக்கும். சாதாரண கார்புரேட்டருக்கு அந்தத் திருத்தம் கிடையாது.

நிற்கும் வண்டி

கார்புரேட்டர் வண்டிகள் தேய்மானத்தால் கெடுவதைவிடப் பழைய பெட்ரோலால் கெடுவதுதான் அதிகம். ஃப்ளோட் கிண்ணத்தில் இருப்பது கொஞ்சம் பெட்ரோல். அது காற்றோட்டக் குழாய் வழியாக வெளிக்காற்றோடு தொடர்பில் இருக்கிறது. சில வாரங்களில் அதன் லேசான பகுதி ஆவியாகிவிடும். மிச்சம் பசையாகி, பிறகு வார்னிஷ் போல உலர்ந்து ஒட்டிக்கொள்கிறது. பைலட் ஜெட்டின் துளை பெரும்பாலும் 0.35 முதல் 0.5 மில்லிமீட்டர்தான். அதன் உள்சுவரில் மெல்லிய படலம் படிந்தாலே போதும். வண்டி சோக் போட்டால் மட்டும் ஸ்டார்ட் ஆகும், சோக்கை எடுத்ததும் அணையும், ஆனால் ஆக்சிலேட்டரைத் திருகினால் நன்றாக இழுக்கும். இந்த மூன்று அறிகுறியும் சேர்ந்து வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பைலட் ஜெட்டைத்தான்.

எத்தனால் கலந்த பெட்ரோல் இதை இன்னும் மோசமாக்குகிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கும். கார்புரேட்டரிலும் அடியில்தான் ஜெட்கள் இருக்கின்றன. ஜிங்க் கலப்புலோகக் கிண்ணத்தில் வெள்ளைப் பொடி படிந்திருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

தடுப்பது எளிது. ஒரு மாதத்துக்கு மேல் நிற்கப் போகிறது என்றால் டேங்க் டேப்பை மூடி, எஞ்சினை அது தானாக அணையும் வரை ஓட விடுங்கள். அதோடு நிறுத்தாமல் கிண்ணத்தின் அடியில் உள்ள வடிகால் திருகாணியைத் திறந்து மிச்சத்தையும் வடித்துவிடுங்கள். எஞ்சின் அணைந்தாலும் கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் தங்கியிருக்கும். காய்ந்து பசையாவது அந்தக் கொஞ்சம்தான்.

எஃப்ஐயில் திறந்த கிண்ணம் இல்லை. பம்பிலிருந்து இன்ஜெக்டர் வரை மூடிய குழாய் என்பதால் பெட்ரோல் கெட நாள் பிடிக்கும். இரண்டு மாதம் நின்ற எஃப்ஐ வண்டி, பேட்டரி நன்றாக இருந்தால், பட்டனைத் தொட்டதும் எடுத்துவிடும். அந்த "பேட்டரி நன்றாக இருந்தால்" என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கடிகாரம், திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர், ஈசியூவின் நினைவகம் எல்லாம் சாவி எடுத்த பிறகும் சில மில்லிஆம்பியர் இழுத்துக்கொண்டே இருக்கும். சிறிய பேட்டரிக்கு அது சில வாரங்களிலேயே சுமையாகிவிடும். கார்புரேட்டர் பைக்கில் கிக்கர் இருந்து, இக்னிஷன் பேட்டரியிலிருந்து அல்லாமல் எஞ்சின் சுழற்றும் மேக்னெட்டோவிலிருந்து மின்சாரம் எடுத்தால் செத்த பேட்டரியோடும் புறப்பட்டுவிடலாம். எஃப்ஐயில் பம்ப், இன்ஜெக்டர், ஈசியூ மூன்றும் விழித்தால்தான் முதல் துளி பெட்ரோல் வரும். பேட்டரியே இல்லாத எஃப்ஐயும் உண்டு: 2009ன் ஹோண்டா சிஆர்எஃப்450ஆர் கிக் அடியில் பிறக்கும் மின்சாரத்திலேயே விழித்துக்கொண்டது. அது பந்தயத்துக்கான வண்டி. எல்லா எஃப்ஐயிடமும் அதை எதிர்பார்க்கக் கூடாது.

எஃப்ஐயின் இன்னொரு பலவீனம் டேங்க். பாதி காலியாக நிற்கும் டேங்கில் ஈரம் படிந்து துரு பிடிக்கிறது. அந்தத் தூள் பம்பின் வாயில் உள்ள வலையை அடைக்கும், பம்பையும் தேய்க்கும். அதனால் எஃப்ஐ வண்டியை நிறுத்தும் முன் டேங்கை நிரப்புங்கள், பேட்டரியை இறங்காமல் வைத்திருக்கும் மெயின்டெய்னர் சார்ஜர் போடுங்கள். ஒவ்வொரு முறையும் கிண்ணத்தை வடிக்கும் பழக்கம் உள்ளவருக்குக் கார்புரேட்டர் நெடுநாள் நிற்கும் வண்டிக்கு நல்ல தேர்வு. அந்தப் பழக்கம் வராது என்று உங்களுக்கே தெரிந்தால் எஃப்ஐ எடுங்கள். சார்ஜர் ஒயரை மாட்டுவது அதைவிடச் சின்ன வேலை.

உயரம்

3000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவு. கார்புரேட்டருக்குத் தெரிவது காற்றின் வேகம் மட்டும், எடை தெரியாது. எனவே அங்கே கலவை ஏறத்தாழ 15 சதவீதம் ரிச்சாகிறது: கீழே 13 ஆக இருந்தது மேலே 11ஐ ஒட்டி வரும். பிளக் கரி பிடிக்கும், இழுவை கனக்கும், மைலேஜ் விழும். வெற்றிட ஸ்லைடு உள்ள சிவி கார்புரேட்டர் இதை ஓரளவு தாங்கும், முழுதாக அல்ல. உயரத்திலேயே பல நாள் ஓட்டுவதாக இருந்தால் மெயின் ஜெட்டை ஓரிரு அளவு குறைத்து, ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் மேலே மாற்ற வேண்டும். கிளிப் மேலே போனால் ஊசி கீழே இறங்கும். கலவை லீன் ஆகும், அதாவது பெட்ரோல் குறையும். கீழே இறங்கியதும் பழைய ஜெட்டைத் திரும்பப் போட மறந்தால் எஞ்சின் லீனாக ஓடிச் சூடேறும். முழு ஆக்சிலேட்டரில் நீண்ட தூரம் போனால் பிஸ்டனே ஓட்டையாகலாம். எஃப்ஐ அழுத்தத்தைப் படித்துப் பெட்ரோலைத் தானே குறைத்துக்கொள்ளும் என்பதால், சமவெளிக்கும் மலைக்கும் அடிக்கடி போய் வருபவருக்கு இந்த ஒரு காரணமே எஃப்ஐ எடுக்கப் போதும்.

நின்றுபோனால்

கார்புரேட்டரைப் பிரிப்பது கடினமல்ல. ஆனால் கெடுப்பது அதைவிட எளிது. ஜப்பானிய வண்டிகளின் கூட்டல் குறித் திருகாணிகள் ஜேஐஎஸ் என்ற ஜப்பானியத் தர வகை. சாதாரண பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவர் அவற்றின் தலையை வழுக்கித் தேய்த்துவிடும். ஜெட்கள் பித்தளை, மென்மையானவை. பள்ளத்தில் இறுக்கமாகப் பொருந்தும் தட்டை ஸ்க்ரூடிரைவர் இல்லாமல் தொடாதீர்கள். ஐடில் கலவையை அமைக்கும் பைலட் திருகாணியைக் கழற்றும் முன் உள்நோக்கித் திருகி, மெதுவாக முட்டும் வரை எத்தனை சுற்று என்று எண்ணி எழுதி வையுங்கள். அதன் பின்னால் ஸ்பிரிங், வாஷர், ஓ-ரிங் என்று வரிசையாக வரும். ஓ-ரிங் பெரும்பாலும் துளைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும். க்ளீனர் தெளிக்கும் முன் டயாஃப்ரம் என்ற மெல்லிய ரப்பர் சவ்வையும் மற்ற ரப்பர் பாகங்களையும் எடுத்துவிடுங்கள், அவை ஊதிப்போகும். துளைகளில் கம்பி விடாதீர்கள். ஊற வைத்து, காற்றழுத்தம் கொடுத்து, வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பாருங்கள். துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். பிறையாகத் தெரிந்தால் இன்னும் அடைப்பு இருக்கிறது.

திரும்ப மாட்டிய பிறகு பைலட் திருகாணியை அமைப்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். அந்தத் திருகாணி ஸ்லைடுக்கு எஞ்சின் பக்கம் இருந்தால் அது பெட்ரோல் கலவையைக் கட்டுப்படுத்துவது, வெளியே திருகினால் ரிச். ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துவது, வெளியே திருகினால் லீன். இதைப் பார்க்காமல் திருகுபவர் நேர் எதிர்த் திசையில் போவார். மெதுவாக முட்டிய இடத்திலிருந்து ஒன்றரை முதல் இரண்டரைச் சுற்று வரை வெளியே என்பது பொதுவான தொடக்கம். எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, கால் சுற்றாகத் திருகி, ஐடில் உச்சத்துக்கு வரும் இடத்தைப் பிடித்து, பிறகு ஐடில் திருகாணியால் வேகத்தை இறக்குங்கள். ஆக்சிலேட்டரைச் சட்டென்று விட்டதும் ஆர்பிஎம் மேலேயே தொங்கி மெதுவாக இறங்கினால் லீன். ஐடிலுக்கும் கீழே விழுந்து மறுபடி எழுந்தால் ரிச்.

ஓவர்ஃப்ளோவை அலட்சியமாக விட வேண்டாம். ஃப்ளோட் ஊசி வால்வு தேய்ந்தாலோ அதில் தூசி சிக்கினாலோ, டேப் திறந்திருக்கும் இரவில் பெட்ரோல் சிலிண்டர் வழியாக எஞ்சின் ஆயிலில் கலந்துவிடலாம். ஆயில் மட்டம் ஏறி, பெட்ரோல் வாடை வந்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் ஆயிலை மாற்றுங்கள்.

ஜெட் வாங்கும்போதும் கவனம் வேண்டும். கெய்ஹின், மிக்குனி இரண்டும் கார்புரேட்டர் தயாரிக்கும் நிறுவனங்கள். கெய்ஹின் ஜெட்டில் 110 என்றால் துளை 1.10 மில்லிமீட்டர். மிக்குனியின் அறுகோண மெயின் ஜெட்டில் அந்த எண் பாயும் அளவைக் குறிக்கிறது. ஒன்றின் எண்ணை வைத்து மற்றதை வாங்கக் கூடாது.

எஃப்ஐ வண்டி நின்றால் முதல் வேலை காதுக்குத்தான். சாவியைப் போட்டு, கில் சுவிட்சை ஓடும் நிலையில் வைத்ததும் டேங்கிலிருந்து இரண்டு மூன்று விநாடி "ம்ம்" என்று பம்ப் சத்தம் வர வேண்டும். எஞ்சின் விளக்கு எரிந்து அணைய வேண்டும். சத்தமே இல்லையென்றால் ஃப்யூஸ், ரிலே, பம்ப் கனெக்டர் என்று வரிசையாகப் பாருங்கள். வண்டி கீழே விழுந்து நிமிர்த்தப்பட்டிருந்தால் சாய்வு சென்சார் துண்டித்திருக்கும், சாவியை அணைத்து மறுபடி போட்டால் மீளும். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் ஸ்டார்ட்டர் சுற்றும், ஆனால் ஈசியூ குழம்பும். மற்றதை எல்லாம் சோதிக்கும் முன் பேட்டரியை மாற்றிப் பாருங்கள்.

பம்ப் சத்தம் இருந்தும் எடுக்கவில்லை என்றால் அழுத்தத்தை அளக்க வேண்டும். குழாயைக் கழற்றும் முன் பம்ப் கனெக்டரைப் பிடுங்கி, எஞ்சின் அணையும் வரை ஓட விட்டு, துணி சுற்றித் திறங்கள். அழுத்தத்தில் பீறிடும் பெட்ரோல் சூடான சைலன்சரில் பட்டால் தீதான். எஞ்சினே எடுக்காத வண்டியில் கனெக்டரைப் பிடுங்கியபின் சில முறை செல்ஃப் அடித்தால் அழுத்தம் பெரும்பாலும் இறங்கும். கேஜ் மாட்டியதும் கனெக்டரைத் திரும்ப மாட்டினால்தான் அளவு தெரியும். அழுத்தம் குறைவென்றால் வடிகட்டி வலை, ரெகுலேட்டர், பம்ப் என்ற வரிசையில் பாருங்கள். இன்ஜெக்டரின் மின்தடை பெரும்பாலும் 10 முதல் 15 ஓம். அதற்கு நேரடியாக 12 வோல்ட் கொடுத்துப் பிடித்துக்கொண்டிருந்தால் உள்ளே சுருள் சூடாகிக் கருகும்.

"ஈசியூ போச்சு" என்ற தீர்ப்பை எளிதில் ஏற்காதீர்கள். பச்சை பூத்த கனெக்டர் முள், தளர்ந்த எர்த் ஒயர், துரு நிறைந்த டேங்க், பழைய பேட்டரி இவை நான்கும்தான் வழக்கமான குற்றவாளிகள். பேட்டரியின் எதிர்முனைக்கும் (மைனஸ்) எஞ்சினுக்கும் இடையே, செல்ஃப் அடிக்கும்போது, மல்டிமீட்டர் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. வெப்ப சென்சார் ஒயர் அறுந்தால் ஈசியூ எஞ்சினைக் கடுங்குளிரில் இருப்பதாக நினைக்கலாம். பெட்ரோல் கொட்டும், சூடான எஞ்சின் எடுக்காது. எஞ்சின் விளக்கு மின்னிக் காட்டும் கோளாறு எண்ணைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடியும்: ஹோண்டாவில் நீண்ட மின்னல் பத்து, குறுகியது ஒன்று.

மொத்தத்தில் கார்புரேட்டர் முன்கூட்டியே முனகும். எஃப்ஐ சின்னச் சின்னக் குறைகளைத் தானே சரிக்கட்டி மறைத்துவிட்டு, ஒருநாள் மொத்தமாக நிற்கும். மல்டிமீட்டரும் அழுத்த கேஜும் உள்ள மெக்கானிக் அருகில் இல்லாமல் நீண்ட தூரம் ஓட்டுபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். பம்ப் குளிர்வது அதைச் சுற்றியிருக்கும் பெட்ரோலால்தான் என்பதால் எப்போதும் டேங்கின் அடி மட்டத்தில் ஓட்டும் பழக்கம் பம்பின் ஆயுளைத் தின்னும். கார்புரேட்டரில் ரிசர்வுக்கு மாற்றி ஓட்டியவர்கள் விட வேண்டிய பழக்கம் அது.

கையில் தெரியும் உணர்வு

சில எஃப்ஐ வண்டிகள் மெதுவான ஊர்தலில் வெட்டி வெட்டி இழுக்கும். ஆக்சிலேட்டரை மூடியதும் ஈசியூ பெட்ரோலை அறவே நிறுத்தி, திறந்ததும் திடீரென்று தருவதால் வரும் உதறல் அது. சங்கிலி தளர்ந்திருந்தால் இரட்டிப்பாகும். ஈசியூவின் பெட்ரோல் அட்டவணையான மேப்பைக் குறை சொல்லும் முன் சங்கிலியையும் ஆக்சிலேட்டர் கேபிள் தளர்வையும் சரிசெய்யுங்கள். சுசுகி தன் ஜிஎஸ்எக்ஸ்-ஆர் வண்டிகளில் ஈசியூ இயக்கும் இரண்டாவது த்ராட்டில் தட்டு வைத்தது, சிவி கார்புரேட்டர் தரும் மென்மையைத் திரும்பக் கொண்டுவரத்தான். குளிர்ந்த எஞ்சினில் எஃப்ஐயின் மேன்மை கேள்விக்கு அப்பாற்பட்டது: சோக் இல்லை, காத்திருப்பு இல்லை.

இரண்டு, நான்கு சிலிண்டர் வண்டி வாங்குபவர்களுக்கு ஒன்று: எஃப்ஐ என்றால் சிலிண்டர்களுக்குப் போகும் காற்றைச் சமப்படுத்தும் சிங்க்ரனைசேஷன் தேவையில்லை என்பது தவறு. த்ராட்டில் பாடிகளையும் வெற்றிட கேஜ் வைத்துச் சமப்படுத்தத்தான் வேண்டும்.

மாற்றங்கள் செய்வதாக இருந்தால்

திறந்த ஏர் ஃபில்டரும் வேறு சைலன்சரும் போடும்போது கார்புரேட்டருக்குத் தேவை சில ஜெட்களும் ஒரு மதியமும். எஃப்ஐ தானே சரிசெய்துகொள்ளும் என்று நம்பிவிட வேண்டாம். ஆக்ஸிஜன் சென்சார் பார்த்துத் திருத்துவது சீரான, லேசான ஓட்டத்தில்தான். முழு ஆக்சிலேட்டரில் ஈசியூ தன் அட்டவணையை மட்டும் பின்பற்றும். அங்கே லீனாக ஓடும் ஆபத்து உண்டு. அந்த அட்டவணையை மாற்றி எழுதும் ரீமேப் அல்லது ஈசியூவின் கணக்கைத் திருத்தும் பிக்கிபேக் பெட்டி, கூடவே கலவையைத் துல்லியமாகக் காட்டும் வைட்பேண்ட் சென்சார் வைத்து அளவெடுப்பவர் தேவை.

கார்புரேட்டர் வண்டியையே எஃப்ஐயாக மாற்ற நினைப்பவர்கள் முதலில் ஆல்டர்னேட்டரைப் பாருங்கள். பம்ப், ஈசியூ, சென்சார் ஹீட்டர் எல்லாம் சேர்ந்து 50 வாட்டுக்கு மேல் கேட்கலாம். சிறிய, பழைய வண்டியில் ஹெட்லைட் எரியும்போது அவ்வளவு மிச்சம் இருக்காது. கிராங்கில் பல் சக்கரமும் சென்சாரும், த்ராட்டில் பாடி, டேங்கில் ரிட்டர்ன் குழாய் அல்லது உள்ளேயே ரெகுலேட்டர், எஃப்ஐ அழுத்தம் தாங்கும் ஹோஸ், அதற்கேற்ற கிளாம்ப் எல்லாம் வேண்டும். பழைய கார்புரேட்டர் ஹோஸை விட்டுவைப்பது உயிரோடு விளையாடுவது. திசைமாற்றி, எஃப்ஐ வண்டிக்குக் கார்புரேட்டர் போடுவதை ஒருபோதும் பரிந்துரைக்க முடியாது: ஸ்பார்க்கும் அதே ஈசியூவிடம்தான் இருக்கிறது, ஸ்பார்க்குக்குத் தனி சிடிஐ பெட்டி வைத்து ஒயரிங்கையே மாற்ற வேண்டிவரும், கேட்டலிஸ்ட் கெடும், புகைச் சோதனையிலும் தேறாது. ஒரு நல்ல பம்ப் போடும் செலவைவிட அது எப்போதும் கூடுதல்.

பழைய வண்டி வாங்கும்போது எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே பார்க்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்லுங்கள். கை வைத்துப் பாருங்கள். முன்பே சூடாக்கி வைத்த கார்புரேட்டர் வண்டியில் அடைத்த பைலட் ஜெட் ஓரளவு மறைந்துவிடும். ஐடிலில் இன்டேக் ரப்பரைச் சுற்றித் தண்ணீர் தெளியுங்கள்; எஞ்சின் சத்தம் மாறினால் வெடிப்பு வழியாகக் காற்று கசிகிறது. தலை தேய்ந்த கார்புரேட்டர் திருகாணிகள் பல கை மாறிப் பிரித்ததன் அடையாளம். எஃப்ஐ வண்டியில் சாவி போட்டதும் எஞ்சின் விளக்கு எரிகிறதா என்று முதலில் பாருங்கள். எரியாமலே இருந்தால் பல்பை யாரோ பிடுங்கியிருக்கலாம். சீட்டுக்கடியில் டேப் சுற்றிய, வெட்டி ஒட்டிய ஒயர்களைத் தேடுங்கள். பம்ப் மெல்லிய ரீங்காரமாக இல்லாமல் கீச்சென்று கத்தினால் மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். கடைசியாக டேங்க் மூடியைத் திறந்து, பேட்டரி டார்ச் அடித்து அடிவரை பாருங்கள். உள்ளே செம்மண் நிறத் தூள் தெரிந்தால் டேங்கைச் சுத்தம் செய்யாமல் புதிய பம்ப் போட்டாலும் அதுவும் சீக்கிரமே போகும்.